நான்கு பின்னும் ஒரே தடிமன்: பழைய ரேடியோ பவர் ப்ளக் குறித்து ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பழைய ரிசீவருக்கான நான்கு பின் பவர் ப்ளக் ஆபத்தான அளவில் அனுப்பப்பட்டது, பணத்தைத் திருப்பித் தரவும், விற்பனையை நிறுத்தவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். ‘எச்.ஆர்.ஓ. உள்ளிட்ட எல்லாப் பழைய ரிசீவர்களுக்கும் பொருந்தும்’ என்று போட்டு நீங்கள் விற்கும் நான்கு பின் பவர் ப்ளக்கை, கேபிளோடு சேர்த்து வாங்கினேன். பில்லின் நகலையும் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ப்ளக் பொருந்தவில்லை என்றால் இந்தக் கடிதம் நான்கு வரியில் முடிந்திருக்கும். அது பொருந்துகிறது. நேராகப் போட்டாலும் பொருந்துகிறது, தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் பொருந்துகிறது. என் புகாரே அதுதான்.

உங்கள் அலுவலகத்தில் இதைப் படிப்பவர் வால்வு ரேடியோவை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முன்பு கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடிய ரேடியோவை, பார்த்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நேஷனல் நிறுவனத்தின் எச்.ஆர்.ஓ. 1935-இல் சந்தைக்கு வந்த ரிசீவர். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் ரேடியோச் செய்திகளை ஒட்டுக்கேட்க பிரிட்டன் நிறையப் பயன்படுத்திய செட் இது. இதற்குள் பவர் சப்ளை கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரின் சூடும் இரைச்சலும் ரிசீவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதைத் தனிப் பெட்டியில் வைத்தார்கள். ரிசீவரிலிருந்து வரும் கேபிளின் நுனியில் நான்கு பின் ப்ளக், பவர் சப்ளையில் அதற்கான சாக்கெட். இந்த ப்ளக் அந்தக் காலத்து நான்கு பின் வால்வின் அடிப்பாகத்தின் அதே அளவுதான்.

அந்த அளவில் இரண்டு பின் தடி, இரண்டு பின் மெல்லிசு. தடித்தவை ஏறக்குறைய 4 மி.மீ., மெல்லியவை 3.2 மி.மீ. என் செட்டில் தடித்த பின்கள் வால்வுகளின் ஹீட்டருக்கு, அதாவது வால்வைச் சூடாக்கும் உள் கம்பிக்கு; மெல்லியவை எச்.டி. என்ற உயர் மின்னழுத்தத்துக்கு, அதாவது 250 வோல்ட் டி.சி.க்கு. தடித்த பின் மெல்லிய துளைக்குள் போகாது. ஆகவே ப்ளக் ஒரே ஒரு விதமாகத்தான் உள்ளே ஏறும். இருட்டில், ரேக்குக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் போட்டாலும் தப்பு நடக்க வழியில்லை.

நீங்கள் அனுப்பியதை வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். நான்கு பின்னும் 3.2 மி.மீ. தடித்த துளைகளில் அது லொடலொடவென்று ஆடுகிறது. பவர் சப்ளையை மெயினிலிருந்து கழற்றி வைத்துவிட்டு ப்ளக்கைப் பாதிச் சுற்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன், மறுப்பேதும் சொல்லாமல் ஏறிக்கொண்டது.

அப்படித் திரும்பிய நிலையில் யாராவது சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? வால்வுகள் எரிந்துபோகும் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் முதலில் அடி வாங்குவது பவர் சப்ளை. என்னிடம் இருப்பது 2.5 வோல்ட் ஹீட்டர் கொண்ட ஆரம்பகால மாடல். ஒன்பது வால்வுகளின் ஹீட்டர்களும் இணையாக இருக்கின்றன, மொத்தம் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கணக்குப் போட்டால் எல்லாம் சேர்ந்து கால் ஓம் சொச்சம்தான் வரும், குளிர்ந்திருக்கும்போது அதைவிடவும் குறைவு. 250 வோல்ட்டுக்குக் குறுக்கே கால் ஓம் என்றால் நேர் ஷார்ட். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு போகும், சரியான ஃபியூஸ் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். ரெக்டிஃபையராவது வேறு கிடைக்கும். எண்பது வருடத்துக்கு மேல் பழசான அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு நான் எங்கே போவேன்?

அடுத்தது கேபிள். 2.5 வோல்ட்டில் 9 ஆம்பியர் ஓடும் இடத்தில் பொம்மைக்குப் போடுவது போன்ற மெல்லிய ஒயரை வைத்திருக்கிறீர்கள். போக வர சேர்த்து வெறும் 0.1 ஓம் இருந்தாலே அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். மிச்ச வோல்ட்டில் அந்த வால்வுகள் ஒழுங்காக வேலை செய்யாது. ஒயர் சூடாவது தனிக் கதை.

ப்ளக்கின் உடம்பும் சரியில்லை. பழைய ப்ளக் பேக்கலைட் என்ற கெட்டியான பழங்காலப் பிளாஸ்டிக், அதன் பின்கள் உள்ளே குழாய் போல இருக்கும். ஒயரைக் குழாய்க்குள் விட்டு நுனியில் சால்டர் வைப்போம், அதாவது ஈயத்தை உருக்கிப் பற்றவைப்போம், சூட்டுக்கு பேக்கலைட் அசையாது. உங்களுடையது சாதாரண பிளாஸ்டிக், பின்கள் கெட்டியானவை, பின்பக்கம் சின்னக் கிண்ணத்தில் சால்டர் வைக்க வேண்டும். முதல் பின்னுக்கு சால்டரிங் அயர்ன் வைத்ததுமே பிளாஸ்டிக் இளகி, பின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அது இப்போதும் சாய்ந்தேதான் இருக்கிறது, இணைத்திருக்கும் படத்தில் பாருங்கள்.

இதையெல்லாம் உங்கள் சேவைப் பிரிவுக்கு போனில் சொன்னேன். “சார், பின் எல்லாம் உள்ளே போகுதுல்ல, அப்புறம் என்ன சார்?” என்று கேட்டார் பேசியவர். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் முன்னால் இருந்த பக்கத்தில் எழுதியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அதன்பின் வந்த மின்னஞ்சலைப் படித்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குப் போடும் மூன்று துளை பவர் கார்டை மாற்றாக அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார்கள். அந்த கார்டு மெயின் மின்சாரத்தை நேராகக் கொண்டுவருவது. 2.5 வோல்ட் ஹீட்டர் இருக்கும் செட்டுக்கு அதைப் பரிந்துரைப்பவர் எந்த செட் என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பணத்தைக் கேட்டதற்கு, சால்டர் வைத்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று பதில். சால்டர் வைத்துப் பயன்படுத்தத்தானே இதை விற்கிறீர்கள்? தவிர, பின்களின் அளவு தவறு என்பதற்கும் நான் சால்டர் வைத்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதே பார்சலில் வந்த டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கான அடாப்டர் ப்ளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘5.5 மி.மீ.’ என்று வெளி விட்டத்தை மட்டும் போட்டிருந்தீர்கள். உள்துளை 2.1 மி.மீ., 2.5 மி.மீ. என இரண்டு வகையில் வருகிறது. என் ரேடியோவுக்கு வேண்டியது 2.1. வந்தது 2.5, ஆகவே தொட்டும் தொடாமலும் கரகரக்கிறது. நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்ற குறிப்பும் எங்கும் இல்லை.

செத்துப்போன நான்கு பின் வால்வு ஒன்றின் கண்ணாடியை எடுத்துவிட்டு, அடிப்பாகத்தை ப்ளக்காக மாற்றிக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வழி. எனக்கும் அது தெரியும், இப்போதைக்கு அதைத்தான் செய்யப் போகிறேன். ஆனால் முதல்முறையாகப் பழைய செட் ஒன்றைக் கையில் எடுத்தவர் உங்கள் பக்கத்தைப் பார்த்து இதை வாங்கி, அப்படியே சொருகி சுவிட்சைப் போடுவார். அதோடு, உங்கள் ‘பொருந்தும்’ பட்டியலில் ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்.எக்ஸ்.-28-உம் இருக்கிறது. அந்த செட்டுக்குப் பின்னால் இருப்பது எட்டு பின் ஆக்டல் சாக்கெட். பேட்டரியில் ஓட்டுவதற்கான இடம் அது, மெயினில் ஓடும்போது, துளைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும் ஜம்பர் ப்ளக் ஒன்று அதில் இருந்தாக வேண்டும். உங்கள் நான்கு பின் ப்ளக்குக்கு அங்கே என்ன வேலை?

நான் கேட்பது இதுதான். ப்ளக், கேபிள், அடாப்டர் ப்ளக் மூன்றுக்கும் முழுப் பணத்தையும், அனுப்பிய செலவையும் திருப்பித் தாருங்கள். ‘எல்லாப் பழைய ரிசீவர்களுக்கும்’ என்ற வரியை உடனே எடுத்துவிட்டு, பின்களின் தடிமன், பின்களுக்கு இடையிலான தூரம், தாங்கும் ஆம்பியர், என்ன பொருளால் ஆனது என்ற விவரங்களைப் போடுங்கள். அவற்றைப் போட முடியாவிட்டால் விற்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலில், இதே ப்ளக்கை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ‘சுவிட்ச் போடாதீர்கள்’ என்று இந்த வாரத்துக்குள் தகவல் அனுப்புங்கள். என் பணம் நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, இது தாமதமாகக் கூடாது.

15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், ப்ளக்கையும் அளவுகளையும் உங்கள் மின்னஞ்சலையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் செல்வேன். ப்ளக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவு பரிசோதிக்க விரும்பினால், அனுப்பும் செலவை ஏற்றுக்கொண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்