இந்தியக் கைதிகள் எல்லாருமா கட்சி மாறினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிங்கப்பூரின் சாங்கி போர்க்கைதி முகாம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி: பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் முகாமில் வாடினார்களாம், இந்திய வீரர்களோ ஜப்பானியர் பக்கம் சேர்ந்துவிட்டார்களாம். அவ்வளவுதான், நம் ஆட்களின் கதையை அரை வரியில் முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். காகிதம் விற்கிற விலையில் சிக்கனம் நல்லதுதான்.

உங்களுக்குத் தெரியாததா? 1942 பிப்ரவரி 17, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்து இரண்டே நாள், ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்களைக் கூட்டிவைத்து, ஹன்ட் என்ற பிரிட்டிஷ் கர்னல் ஃபூஜிவாரா என்ற ஜப்பானிய மேஜரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சந்தையில் மாடு கைமாறியது போலத்தான் இருந்தது என்பார் என் தாத்தா. சப்ளைப் பிரிவில் லாரி ஓட்டியவர், அன்று அந்தத் திடலில் உட்கார்ந்திருந்தவர். ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய தேசிய ராணுவம் அமைக்க ஆள் கூப்பிட்ட கேப்டன் மோகன் சிங் இந்துஸ்தானியில் பேசியது தாத்தாவுக்குப் பாதிதான் புரிந்ததாம். சுற்றியிருந்தவர்கள் கை தூக்கினார்கள், எதற்கு என்று பக்கத்து ஆளிடம் கேட்டு முடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது.

அந்தப் படையில் சேர்ந்தவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. தாத்தாவின் கூட்டாளி ஒருவர் சேர்ந்தார், தாத்தா சேரவில்லை. சாகும்வரை இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் கோப்பி குடித்தார்கள். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் அமைந்த முதல் படையணியில் இருந்தவர்கள் சுமார் 16,000 பேர். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையா? நீ சூன், பிடாடரி முகாம்களில் கிடந்தார்கள். மூட்டை தூக்கினார்கள். 1943இல் பல பேரைக் கப்பலேற்றி நியூகினிக்கு அனுப்பினார்கள், தாத்தாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை.

நீ சூன்தான் இன்றைய ஈசூன். நான் குடியிருப்பது அங்கேதான். மின்தூக்கி பழுதானால் தாத்தா படி ஏறும்போது ‘இச்சி, நீ, சான், சீ’ என்று ஜப்பானிய மொழியில் எண்ணிக்கொண்டே ஏறுவார். முகாமில் காலையும் மாலையும் வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும், தடுமாறினால் கன்னத்தில் விழும். பிள்ளைகள் நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்துக் கூடவே கத்துவோம். ஒருமுறை பாதிப் படியில் எண் மறந்து நின்றுவிட்டார். கீழே இறங்கி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இது உங்கள் பத்திரிகையில் மட்டும் நடப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளின் பள்ளியிலிருந்து சுற்றுலா கூட்டிப்போனபோது வழிகாட்டி ஒரு மணி நேரம் பேசினார், இந்தியர் என்ற சொல்லே வரவில்லை. கேட்டதற்கு ‘அது வேறு தலைப்பு’ என்றார்! சரி, ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை? 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து வாரிக்கொண்டு போன நம் ஜனங்களைக் கைதிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. என் பாட்டியின் அண்ணன் எந்த மரத்தடியில் கிடக்கிறாரோ.

மூன்று வருடத்துக்கு முன் பிப்ரவரி 15ஐ ஒட்டி இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நீங்கள் போடவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும், அந்த வாரம் நகைக்கடை விளம்பரம் முழுப் பக்கம்.

இப்போது கேட்பது இரண்டுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், மரண அறிவித்தல்களுக்கு அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். அப்புறம், தாத்தா இருந்தபோது பேட்டி எடுக்கிறேன் என்று வந்த உங்கள் நிருபர் ராணுவ உடுப்பில் இருக்கும் அவருடைய படத்தை வாங்கிப்போனார். பேட்டி வரவில்லை, படமும் வரவில்லை. சிறிய படம், வலது மூலையில் ஸ்டேப்ளர் துரு இருக்கும். கிடைத்தால் தபாலில் போட வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி