வெண்டைக்கு விடுமுறை கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேளாண் கல்லூரி மாணவர்களுக்கு ஊரகப் பணி அனுபவம் பாடத்திட்டத்திலேயே உண்டு. கலை, அறிவியல் கல்லூரிகளில் இயற்கைப் பண்ணை என்றால் பெரும்பாலும் தொடக்க விழாவும் பெயர்ப்பலகையும்தான். நிலமும் கிணறும் உள்ள கல்லூரிகள்கூடத் தடுமாறக் காரணம், பயிரின் நாட்களை எண்ணாமல் போடும் கால அட்டவணை.

ஜூனில் தொடங்கும் கல்லூரிப் பருவத்துக்கு ஆடிப்பட்டம் நன்றாகப் பொருந்தும். முதலில் முளைக்கீரை போடலாம். 25 நாளில் பிடுங்கிவிடலாம் என்பதால், முதல் பாத்தி கெட்டாலும் அதே பருவத்தில் இன்னும் இரண்டு முறை விதைக்க நாள் இருக்கும். சென்டுக்கு 10 கிராம் விதையை மணலோடு கலந்து தூவினால் போதும். அடர்த்தியாகக் கொட்டினால் தண்டு மெலிந்து, அடி அழுகிச் சாயும். வெண்டை இப்படி விட்டுக்கொடுக்காது. விதைத்த 45 நாள் வாக்கில் பறிப்பு தொடங்கினால், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். நுனியை மடக்கினால் சட்டென ஒடிவதே பதம். வளைந்தால் நார் ஏறிவிட்டது. முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் புதுப் பிஞ்சு குறையும். ஆயுதபூஜை விடுமுறைக்கு யார் பறிப்பது என்பதை விதைக்கும் நாளிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பண்ணையின் உண்மையான ஆய்வகம் மட்குக் குவியல்தான். நீள, அகல, உயரம் மூன்றடிக்குக் குறைந்தால் சூடு தங்காது. காய்ந்த சருகு மூன்று கூடை என்றால் பச்சைக் கழிவும் சாணமும் சேர்ந்து ஒரு கூடை. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். மூன்று நான்கு நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் வைத்து, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டினால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போகிறது, சருகு சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிகுந்து காற்று புகவில்லை. உள்ளே சாம்பல் பூத்து உலர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. வேதியியல் மாணவர் வெப்பமானியோடு தினமும் வந்து குறிக்கட்டும். நுண்ணுயிரியல் மாணவருக்கு வேலை சொல்லவே வேண்டாம். அவசரப்பட்டு மட்காத சாணத்தைப் போட்டால் கறையானும் வேர்ப்புழுவும் வரும், களையும் மண்டும்.

வளாகத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. விளையாட்டு மைதானத்துக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு, வெட்டிய புல்லைக் குவியலில் சேர்ப்பார்கள். சிலவகை மருந்து மட்கிய பிறகும் தங்கிச் செடியைச் சுருட்டிவிடும். அந்தப் புல் பண்ணை வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. தேசிய இயற்கை வேளாண் விதிகளின்படி, ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் குறைந்தது இரண்டாண்டு மாற்றக்காலம், அதாவது ரசாயனம் தவிர்த்து இயற்கை முறையில் நடத்தும் காலம், வேண்டும். அதற்கு முன்பே விடுதிச் சமையலறையில் 'இயற்கை விளைபொருள்' என்று சீட்டு ஒட்டுவது சரியல்ல.

வணிகவியல் மாணவர்களையும் இறக்க வேண்டும். விதை, மோட்டார் மின்சாரம், களையெடுத்த மணிநேரம் எல்லாம் எழுதி ஒரு கட்டுக் கீரையின் அடக்கவிலையைக் கண்டுபிடித்தால், சந்தையில் பேரம் பேசும் கை கொஞ்சம் தயங்கும்.

கோடை விடுமுறையில் பண்ணை காய்வதுதான் எல்லோரும் சொல்லும் சாக்கு. ஏப்ரல் கடைசியில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துவிட்டால், மழை தவறும் வாரங்களில் தண்ணீர் பாய்ச்ச ஓர் ஆள் போதும். 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டு கட்டையாகி மட்க நாளாகும், அடுத்த பயிர் மஞ்சளிக்கும். உழுது பத்து நாள் ஆறவிட்டால், மாணவர் திரும்பும்போது பாத்தி போட நிலம் தயார்.

மதிப்பெண்ணை விளைச்சலுக்குத் தராமல் களக்குறிப்பேட்டுக்குத் தருமாறு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். அசுவினிப் பூச்சி விழுந்த பாத்தியில் எந்த நாள் பார்த்தார்கள், என்ன தெளித்தார்கள், எத்தனை நாளில் அடங்கியது என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண் சேர வேண்டும்.

இயற்கை வேளாண் பயிற்றுநர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்