பாட்டுப் படமும் கூத்துப் பதிவும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மாணவ உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செய்யாற்றிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பயிலும் கல்லூரி மாணவர்களுக்கு வீடியோ ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் கற்றுத்தரும் நம் சங்கத்தின் 2024 ஜூன் முதல் 2025 மே வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். உறுப்பினர் சேர்க்கையும் செயற்குழுக் கூட்டங்களும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே, இவ்வாண்டு நம் உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட இரண்டு படப்பிடிப்புகளைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன். மாணவர்களே மெட்டமைத்துப் பாடி எடுத்த பாட்டுப் படம் ஒன்று. சித்திரை மாதத் திரௌபதி அம்மன் விழாவில் விடிய விடிய நிகழ்ந்த பாரதக் கூத்தின் பதிவு மற்றொன்று.

வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டும் பாடத்தைக் குறைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழு வேலையைச் செய்யவைத்தே கற்பிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் எடுத்த தீர்மானத்தின்படி இவை நடந்தன. அந்தத் தீர்மானம் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

பாட்டுப் படத்துக்கு முதலில் மாணவர்கள் திரைப்படப் பாடல்களையே கேட்டனர். கல்லூரி விழாவில், ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் மட்டுமே கூடியிருக்கும் அவையில், ஒரு பாடலைப் பாடுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதே பாடலைப் படமாக்கி இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. இதை எடுத்துச் சொன்ன பிறகு, 1949இல் அரசுடைமையாக்கப்பட்ட பாரதியார் பாடல்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பாடல் வரிகள் பொதுச்சொத்தானாலும் அவற்றுக்குப் பிற்காலத்தில் பிறர் அமைத்த மெட்டு அப்படியல்ல என்பதையும் புரிந்துகொண்டு, இசைப் பயிற்சி பெற்ற மாணவியர் இருவர் புதிய மெட்டை அமைத்தனர். சட்டத்தைக் கற்பிப்பது நம் நோக்கமாக இருக்கவில்லை என்றாலும், பிறர் உழைப்பைக் கேட்காமல் எடுத்தாளக் கூடாது என்ற பழக்கம் கேமராவைத் தொடுவதற்கு முன்பே வந்துவிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாடல் முதலில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவு செய்யப்பட்டது. படப்பிடிப்பில் அதையே சிறிய ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, பாடுபவர் வாயசைத்தார். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கிளாப் அடித்து, பாடலின் எந்த அடியிலிருந்து தொடங்குகிறோம் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கைத் துணை இயக்குநராக இருந்த மாணவி சிறிதும் தளர்த்தவில்லை. ஆற்றுமணலில் ஓடிவரும் காட்சி மெதுவாக நகர வேண்டும், ஆனால் வாயசைவு பாடலோடு பொருந்த வேண்டும் என்ற தேவை எழுந்தபோது, நொடிக்கு 50 ஃப்ரேம் (அதாவது 50 தனிப் படங்கள்) என்ற வேகத்தில் படம் பிடித்து, பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டோம். அந்த வேகத்துக்கு ஈடாகப் பாடகர் வாயசைக்க, பின்னர் அதை நொடிக்கு 25 ஃப்ரேமாக ஓடவிட்டபோது உதடுகள் பாடலின் இயல்பான வேகத்தில் இருந்தன. தலைமுடியும் துணியும் காலடியில் சிதறும் மணலும் மட்டும் பாதி வேகத்தில் அசைந்தன. திரையில் எத்தனையோ முறை பார்த்த ஒன்றின் செய்முறையைத் தம் கையால் செய்து பார்த்த அந்த மாலையில் மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க இயலவில்லை.

பாட்டுப் படம் திட்டமிடுதலைக் கற்பித்தது. எந்த ஷாட்டுக்குப் பின் எது வரும், வெயில் உச்சிக்கு ஏறுமுன் எவற்றை எடுத்து முடிக்க வேண்டும், எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடையிலான கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டினால் பார்வைத் திசை எப்படிக் குழம்பும் ஆகியவற்றை அவர்கள் நன்றாகவே கற்றனர். ஆனால் அதில் காலம் படம் எடுப்பவர் கையில் இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் மீண்டும் எடுக்கலாம். அந்த வசதி ஒருவரை ஓரளவுக்கு மேல் வளரவிடாது என்பது என் எண்ணம். அதனாலேயே கூத்துப் பதிவை இவ்வாண்டின் மிக முக்கியமான பணியாகக் கருதுகிறேன்.

கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடப்பது. கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வந்துவிட்டால் யாருக்காகவும் நிற்காது. எனவே ஆயத்தம் முழுவதும் முன்னதாகவே முடிய வேண்டியிருந்தது. ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியாரை மாணவர்கள் நேரில் சந்தித்து, எந்த வேஷம் எப்போது வரும், திரை எந்தப் பக்கம் பிடிக்கப்படும், பின்பாட்டுக்காரர்கள் எங்கே அமர்வார்கள் என்று கேட்டறிந்து, ஆட்டம் நடக்கும் களரியின் படத்தை வரைந்து வந்தனர். மூன்று கேமராக்கள் வைக்கப்பட்டன. ஒன்று களரி முழுவதையும் காட்டியபடி அசையாமல் நின்றது. மற்றொன்று ஆடுபவரைத் தொடர்ந்தது. இன்னொன்று முகங்களுக்கும் வாத்தியங்களுக்கும் உரியது. நம்மிடம் உள்ளவை போன்ற ஸ்டில் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 வினாடியில் பதிவைத் தாமே நிறுத்திவிடும் என்பதால், மூன்றையும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கி, எந்தக் கணத்திலும் குறைந்தது இரண்டு கேமராக்களாவது ஓடிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

ஒளி பற்றிய பாடம் அங்கேதான் முழுமையாகப் புரிந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகிறது. செல்போன்களில் வழக்கமாக உள்ள 30 ஃப்ரேம், 1/60 வினாடி ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) என்ற அமைப்பில் படம் பிடித்தால் திரையில் பட்டை பட்டையாகத் துடிப்பு தெரியும். 25 ஃப்ரேமும் 1/50 வினாடி ஷட்டரும் வைத்தபோது அது மறைந்தது. சூழ்ந்திருக்கும் இருட்டைப் பார்த்துக் கேமரா தானாக ஒளியைக் கூட்டினால் அரிதாரம் பூசிய முகம் வெளுத்துப்போகும். கிரீடத்திலும் தோளில் அணியும் புஜகீர்த்தியிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். ஆகையால் எல்லாவற்றையும் கையாலேயே அமைத்து, முகத்தை மட்டுமே அளவாகக் கொண்டோம். விழாவின் கடைசி நாள் இரவு முடிந்து, துரியோதனன் போர்க்களத்தில் வீழ்வதை நிகழ்த்திக் காட்டும் படுகளம் தொடங்கும் வேளையில் விளக்கொளி மங்கி, வானம் நீலமாகி, பின்பு வெயில் வந்தது. ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டிருந்தால் ஒரு பாட்டின் நடுவிலேயே நிறம் மாறியிருக்கும். வேஷங்கள் மாறும் இடைவெளிகளில் மட்டும் மூன்று கேமராக்களிலும் ஒருசேர மாற்றுவது என்று மாணவர்கள் தாமே முடிவெடுத்தனர். இரவெல்லாம் ஆடிய துரியோதன வேஷக்காரர் மண்ணில் கிடத்திய பெரிய உருவத்தைச் சுற்றி ஓடியபோது, கேமராவுடன் அவர் பின்னே ஓடிய மாணவரும் இரவெல்லாம் விழித்திருந்தவர்தான்.

ஒலிக்குத் தனியாக இருவரை நியமித்தது நல்ல முடிவு. ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு தடமும், ஆர்மோனியத்துக்கும் முகவீணைக்கும் முன்னே தொங்கவிட்ட மைக்கிலிருந்து மற்றொரு தடமும் பதிவாயின. களரியிலிருந்து ஏறத்தாழ 34 மீட்டர் தள்ளி வைத்த கேமராவுக்கு ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக, அதாவது இரண்டரை ஃப்ரேம் கழித்துச் சென்று சேர்கிறது. அந்தக் கேமராவின் ஒலியை வைத்துப் படத்தைப் பொருத்தினால் தாளம் தட்டும் கை முந்திக்கொண்டு நிற்கும். கண்ணால் காணக்கூடிய கிளாப்பை வைத்தே பொருத்த வேண்டும் என்பதை மாணவர்கள் தொகுப்பு மேசையில் தாமே கண்டுபிடித்தார்கள்.

நொடிக்கு 50 மெகாபிட் என்ற அளவில் ஒரு மணி நேரப் பதிவு 22.5 ஜிபி ஆகும். மூன்று கேமராக்களில் எட்டு மணி நேரம் என்றால் 540 ஜிபி. மெமரி கார்டை அழிக்கும் முன் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகல் இருக்க வேண்டும் என்ற விதி மீறப்படவில்லை.

முதல் தொகுப்பை ஜமாவினருக்கே திரையிட்டுக் காட்டினோம். விறுவிறுப்புக்காக மாணவர்கள் ஆட்டத்தின் நடுவே முகத்தின் குளோஸ் அப்களை நிறையச் சேர்த்திருந்தனர். பார்த்து முடித்த வாத்தியார், “முகம் நல்லா இருக்குது தம்பி, கால் எங்கே போச்சு? சலங்கை சத்தம் கேக்குது, அடவைக் காணோமே” என்றார். பாட்டுப் படத்தில் பழகிய வெட்டுகள் கூத்தின் உயிரான அடவை, அதாவது காலடி ஆட்டத்தை, மறைத்திருந்தன. மாணவர்கள் அன்றே மேசையில் அமர்ந்து, வசனத்துக்கும் தாளமின்றிப் பாடும் விருத்தத்துக்கும் மட்டும் முகத்தை வைத்துக்கொண்டு, அடவு வரும் இடமெல்லாம் முழு உருவமும் தெரியும் ஷாட்டுக்கு மாற்றினார்கள். இந்த ஆண்டில் நடந்த மிகச் சிறந்த வகுப்பு அதுவே என்று சொல்வேன். அதை எடுத்தவருக்குக் கேமராவோடு எந்தத் தொடர்பும் இல்லை.

நிகழ்த்துநரின் உரிமை, நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்குச் சட்டப்படி உண்டு. எனவே கலைஞர்கள் ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றுள்ளோம். முழுப் பதிவின் நகல் ஜமாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இணையத்தில் எந்தப் பகுதியை வெளியிடுவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று பரிந்துரைகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது. புதிய மாணவர்கள் முதல் பருவத்தில் மைக்கையும் ஒலிப்பதிவுக் கருவியையும் மட்டுமே கையாள வேண்டும். கேமரா அதற்குப் பின்னரே தரப்படும். பாட்டுப் படத்துக்கு முன்பாக ஒரு மேடை நாடகத்தையோ கூத்தையோ ஒவ்வொருவரும் பதிவு செய்திருக்க வேண்டும். நேர வரம்பின்றித் தொடர்ந்து பதிவு செய்யும் கேமரா ஒன்றை வாங்க நிதி ஒதுக்க வேண்டும். முதலாவது பரிந்துரைக்கு மாணவர்களிடையே மனக்குறை இருப்பதை அறிவேன். ஆயினும் கூத்துப் பதிவில் ஒலிப்பணி செய்த இருவருமே தொகுப்பு மேசையில் மற்றவர்களைவிடத் தெளிவாக முடிவெடுத்தார்கள் என்பதால் அதை முழு மனத்துடன் ஆதரிக்கிறேன்.

இரவு முழுவதும் மின் இணைப்பும் தேநீரும் தந்து உதவிய விழாக் குழுவினருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும், ஜமாவின் கலைஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையையும் பரிந்துரைகளையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்