“உன்னையா அடித்தேன், நீ ஏன் அழுகிறாய்?” – ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் நான்காம் வகுப்பு படித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் பிரம்படி வாங்கினான். அவன் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழுதவள் நான். “உன்னையா அடித்தேன், நீ ஏன் அழுகிறாய்?” என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அன்று எனக்கும் பதில் தெரியவில்லை.

அந்தப் பள்ளியின் வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதில் இரும்புக் கம்பியால் அடிப்பதுதான் மணி. மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே என் தோள்கள் இறுகிவிடும், பாடம் காதில் ஏறாது. புதுச் சீருடையின் கழுத்துப் பட்டி நாள் முழுக்க அறுக்கும். ஆசிரியர் மனம் சரியில்லாமல் வந்திருந்தால், வருகைப் பதிவேட்டை அவர் மேசையில் வைக்கும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள், எனக்குத்தான் தெம்பில்லை என்று நினைத்திருந்தேன். வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் தொட்டாற்சுருங்கி.

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990களில் நுண்ணுணர்வு என்னும் இந்த இயல்பை ஆராய்ந்து எழுதினார். நுண்ணுணர்வு மிக்கவர்களின் மனம் எதையும் ஆழமாக அசைபோடுகிறது, அதனாலேயே சத்தத்திலும் கூட்டத்திலும் சீக்கிரம் களைத்துப்போகிறது. பிறர் வலி தன் வலியாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இது நோய் அல்ல, பிறவிக் குணம். நூறு பேரில் 15 முதல் 20 பேர் இப்படி என்பது அவர் கணக்கு. அப்படியானால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு பேராவது இருப்பார்கள். எல்லோரும் அழ மாட்டார்கள். சிலர் வயிற்று வலி என்பார்கள், சிலர் வாயே திறக்க மாட்டார்கள். இதைக் கூச்சம் என்று எண்ணிவிடாதீர்கள். மேடையேறிக் கணீரென்று பாடிவிட்டு, கைதட்டல் ஓசை தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையும் உண்டு. என் மகள் அப்படித்தான்.

நாலு அடி பட்டால்தான் உரம் ஏறும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். எனக்கு ஏறவில்லை. ஏறியதுபோல் நடிக்கக் கற்றுக்கொண்டேன், அந்த நடிப்பிலேயே இருபது வருடம் போய்விட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்த பிறகும், வகுப்பு முழுவதையும் நிற்க வைத்துத் திட்டும் வழக்கம் போகவில்லை. அப்படித் திட்டும்போது தப்பு செய்தவன் சன்னல் வழியே காக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். செய்யாத பிள்ளைதான் அதை இரவுச் சோற்றுத் தட்டு வரை சுமந்து போகும்.

மதிப்பெண்ணை உரக்க வாசிக்காமல் தாளைக் கையில் கொடுங்கள். கேள்வி கேட்டால் விடைக்குக் கொஞ்சம் பொறுங்கள். ஆண்டு விழாவில் இந்தப் பிள்ளைகளை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

நான் இப்போது நடிப்பதில்லை. கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி தொடங்கியதும் மண்டபத்து மாடிக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் கோபித்துக்கொண்ட கணவர், இப்போது உறவினர்களிடம் “மாடியில் இருக்கிறாள், வந்துவிடுவாள்” என்கிறார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரியது! வந்துவிடவும் செய்கிறேன். பந்தியில் காது கேளாமல், பரிமாறுகிறவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் இலை முன் தவிக்கும் பாட்டியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நான்தான்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. போன வாரம் தோழி திட்டு வாங்கியதற்கு இவள் அழுதிருக்கிறாள். ஆசிரியை காரணம் கேட்கவில்லை. “என்னோடு வந்து இந்த நோட்டுகளை அடுக்கு” என்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அடுக்கி முடிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டதாம். “அப்புறம் அவளுக்கு நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன் அம்மா” என்றாள். அந்த ஆசிரியைக்கு நன்றி சொல்ல இரண்டு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் எல்லோருக்குமான மடலாக நீண்டுவிட்டது.

அன்புடன்,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்