மலையகக் கூத்துக்கும் மேடை வேண்டும்

ஆசிரியருக்கு,

இந்திய - இலங்கை கலாசார உறவைக் கொண்டாடவும் மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு நிதி திரட்டவும் கொழும்பில் நடைபெறவுள்ள இசைவிழா பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் கர்நாடக இசை, பரதம், கண்டிய நடனம் எல்லாம் உள்ள அந்த நிகழ்ச்சி நிரலில் மலையகக் கலை ஒன்றுகூட இல்லை. 1823 முதல் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவந்த காமன் கூத்தும் (மன்மதன் - ரதி கதையை மாசியில் ஆடும் கூத்து) தப்பு என்ற பறையும் அந்த உறவின் உயிருள்ள சான்றுகள் அல்லவா? எங்கள் பிள்ளைகளின் பெயரால் நிதி திரட்டும் மேடையில் எங்கள் கலைக்கு இடமில்லை என்பது மனதை வருத்துகிறது.

எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் கட்டும் இளைஞர் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார். கடந்த மாசியில் அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய என் சித்தப்பாதான் விடியும்வரை ஆடினார். அவருக்குப் பின் ஆட ஆளில்லை. ஏற்பாட்டாளர்கள் காமன் கூத்துக் குழுவொன்றுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கி, மற்றக் கலைஞர்களுக்கு வழங்கும் அதே சன்மானத்தை வழங்க வேண்டும். திரளும் நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, கூத்து வாத்தியார்களைப் பாடசாலைகளுக்கு அழைத்துப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

தோட்ட வாசகர்,
ஹட்டன்.