இறந்தவர் நாற்காலியில் உட்கார்ந்த பக்கம்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். புத்தகத்தைத் திறந்தால் தலைப்புப் பக்கத்தின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு பக்கம் வரும். உரிமை யாருடையது, அட்டை வடிவமைத்தவர் யார், அச்சிட்டது எங்கே, எத்தனையாவது பதிப்பு என்றெல்லாம் சொல்கிற பக்கம். அதைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும்.

நான் துப்பறியும் நாவல் எழுதுகிறவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்களைக் கொன்று, கொன்றவனைக் கடைசி அத்தியாயத்தில் பிடித்துக் கொடுத்துப் பிழைத்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு மாலை, வாசகர்கள் முப்பது பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த கொலை எப்போது, துப்பறிவாளருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்கிற வழக்கமான கேள்விகள். பிறகு பேச்சு புத்தகம் சேர்ப்பதன் பக்கம் திரும்பியது. ஒருவர் என் நாவல்களை அட்டைப் படத்துக்காகவே வாங்குகிறாராம். உள்ளே படித்ததில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இன்னொருவரிடம் ஒவ்வொரு நாவலிலும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, படிக்க ஒன்று, யாரும் தொடாமல் வைக்க ஒன்று. எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிட இதமான மாலை அமையாது.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். துணிப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் வெள்ளைத்தாள் சுற்றிய பொதி, பொதிக்குள் என் மூன்றாவது நாவல். ஈரம் உறிஞ்சுகிற சிறு பொட்டலம் ஒன்றும் கூடவே வந்து விழுந்தது. கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் புத்தகத்தைத் தொட்டார்.

"இதோடு நாற்பத்தொன்று சார். எல்லாமே முதல் பதிப்பு" என்றார்.

கோடு போட்ட ஒரு நோட்டையும் காட்டினார். என் நாவல்களின் பெயர், பதிப்பகம், ஆண்டு, மாதம், வாங்கிய நாள் எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருந்தார். அச்சில் வந்த என் புத்தகங்களுக்கு என்னிடமே அப்படி ஒரு கணக்கு இல்லை. நடுவே ஒரு வரி வெகுகாலம் காலியாகக் கிடந்து அண்மையில்தான் நிரம்பியிருந்தது, மை நிறம் வேறு. அந்த ஒரு புத்தகத்துக்காக ஒன்பது ஆண்டுகள் அலைந்திருக்கிறார். கடைசியில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம், முதல் பதிப்பு என்கிற ஒரே காரணத்துக்காக, ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

"'முதல் பதிப்பில் இட்ட கையெழுத்து' என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் சார், போதும்."

இந்த இடத்தில் என் பழைய வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் ராகவன் கத்திக்குத்து வாங்கிச் சாகிறார். 117ஆம் பக்கத்தில் அவருடைய தம்பி மாதவன் காவல் நிலையத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். அச்சில் உட்கார்ந்தவர் ராகவன். பிணம் எழுந்து வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போயிற்று. எத்தனை வாசகர் கடிதங்கள்! "கொலையுண்டவரே நேரில் வந்துவிட்டாரே, யார் குத்தியது என்று அவரையே கேட்டிருக்கலாமே" என்று ஒருவர் எழுதியது இன்றும் மனப்பாடம். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தை யார் நீட்டினாலும் கை தானாக 117ஆம் பக்கத்தைப் புரட்டும். ஆறிய புண்ணைத் தடவிப் பார்க்கிற பழக்கம்.

பெரியவரின் பிரதியில் மாதவன் உட்கார்ந்திருந்தார்.

நான் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன் என்பதைக் கவனித்துவிட்டு, "அந்தப் பிழைகூட இதில் இல்லை சார். அவ்வளவு நல்ல பிரதி" என்று பெருமையோடு சொன்னார்.

பிழை வந்தபோதே திருத்தத்தை எழுதி என் பதிப்பாளரிடம் கொடுத்திருந்தேன். "அடுத்த அச்சு வரட்டும், பார்க்கலாம். முதல் அச்சே கட்டுக்கட்டாகத் தேங்கிக் கிடக்கிறது" என்றார். பதிப்பகத்தை மூடும்போதும் அதையேதான் சொன்னார். எனக்குத் தெரிந்தவரை அந்த நாவலுக்கு ஒரே ஓர் அச்சுதான், அதன் பிரதி ஒவ்வொன்றிலும் பிணம் உட்கார்ந்திருக்க வேண்டும். இதிலோ திருத்தம் இருக்கிறது. ஆனால் முன்னால் திருப்பினால் அதே 'முதல் பதிப்பு', அதே மாதம், அதே ஆண்டு, ஓர் எழுத்து மாறவில்லை. கதையைத் திருத்தியவர்கள் தேதியைத் திருத்தவில்லை. இவ்வளவு அப்பட்டமாகத் தடயம் விட்டுச் செல்கிற குற்றவாளியை என் நாவலில் வைத்தால் வாசகர்கள் அடிக்க வருவார்கள்.

அந்த இரண்டாம் அச்சு எத்தனை பிரதி, யார் வாங்கினார்கள், ராயல்டி எங்கே போயிற்று என்பதெல்லாம் வேறு கதை. ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதை 1887இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வந்தது, அதன் முழு உரிமையையும் அதை எழுதிய கானன் டாயில் 25 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பாவம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். எதை விற்றோம், எவ்வளவுக்கு விற்றோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த மடல் அதற்கானதல்ல என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

பெரியவரிடம் சொல்லிவிட்டேன். பொய்யாக அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தால் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருப்பார், அது எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்தும்விட்டேன். கை வரவில்லை. கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை. நோட்டைப் பிரித்து அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு நோட்டை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்படியானால் மற்ற நாற்பது?"

என்னிடம் பதில் இல்லை, ஐயா. நாற்பதும் நான் எழுதியவை. ஆனால் எதில் எது முதல் அச்சு என்று சொல்ல எனக்கே வழியில்லை. உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அல்லது இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள்: எந்தப் பதிப்பு, அதில் எத்தனையாவது அச்சு, எந்த மாதம், எந்த ஆண்டு. இந்த நான்கு விவரங்களை ஒவ்வொரு புத்தகத்திலும், ஒவ்வொரு முறை அச்சிடும்போதும், உள்ளது உள்ளபடி போடுங்கள். உள்ளடக்கம் கணிசமாக மாறினால் புதிய பதிப்பு, மாறாமலோ ஓரிரு பிழையை மட்டும் திருத்தியோ மறுபடி அடித்தால் மறு அச்சு. இந்த வேறுபாடு நீங்கள் அறியாததல்ல.

இதைச் சொன்னபோது உங்களில் ஒருவர், "ஐஎஸ்பிஎன்தான் இருக்கிறதே" என்றார். நூலுக்கு நூல் தருகிற சர்வதேச அடையாள எண் அது. மாற்றமில்லாத மறு அச்சுக்கு அதே எண்தான் தொடரும் என்பது அந்த எண்ணைப் பெறுகிற எல்லோருக்கும் தெரியும். 13 இலக்கம் இருந்தும் முதல் அச்சா மூன்றாம் அச்சா என்று அது வாய் திறக்காது. செலவாகும் என்றார் இன்னொருவர். ஆங்கிலப் பதிப்பாளர்கள் பலர் 10 முதல் 1 வரை ஓர் எண்வரிசையைப் போடுவது ஏன் என்று அவருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு மறு அச்சுக்கும் புதிதாக எழுத்துக் கோக்காமல், அச்சுத் தகட்டிலிருந்து ஓர் எண்ணைச் சுரண்டி எடுத்தால் போதும் என்பதற்காகத்தான். மிஞ்சியிருப்பதில் எது சிறிய எண்ணோ அதுவே எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1997இல் ஹாரி பாட்டர் முதல் நூலின் கெட்டி அட்டைப் பிரதிகள் வெறும் 500தான் முதலில் அச்சாயின. அந்த வரிசையில் 1 இருக்கிறதா என்றுதான் உலகம் முழுக்க இன்றும் பார்க்கிறார்கள். இது ஒரு சுரண்டலில் முடிகிற வேலை. நீங்கள் வேறு வகைச் சுரண்டலில் காட்டுகிற அக்கறையில் ஒரு பங்கை இதில் காட்டினால் போதும்.

கி.பி. 868இல் சீனாவில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட வைர சூத்திரம் என்ற பௌத்த நூலின் சுருள் ஒன்று இருக்கிறது. தன் பெற்றோரின் பொருட்டு எல்லோருக்கும் இலவசமாக வழங்கச் செய்ததாக வாங் ஜியே என்பவர் அதன் முடிவில் குறித்திருக்கிறார். கூடவே நாளும் போட்டிருக்கிறார், இன்றைய கணக்கில் மே 11. இலவசமாகக் கொடுத்தவர் நாள் போட்டார். ஐரோப்பாவில் 1457இல் மைன்ஸ் நகரில் ஃபூஸ்ட், ஷோஃபர் இருவரும் அச்சிட்ட, விவிலியத்தின் சங்கீதங்கள் அடங்கிய நூலிலும் அவர்கள் பெயரும் ஆகஸ்ட் 14 என்ற நாளும் இருக்கின்றன. அந்தக் குறிப்பிலேயே ஓர் அச்சுப்பிழை, 'சங்கீதங்களின்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் முதல் இரண்டு எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிழை யாருக்கும் வரும். தேதியை மறைப்பது பிழையில் சேராது.

தேதியை மறைப்பதில் இன்னொரு வகையும் உண்டு. அதே கூட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "உங்கள் துப்பறிவாளர் ஏன் மழையில் நனைந்துகொண்டு தொலைபேசிக் கூண்டைத் தேடி ஓடுகிறார்? பையில் கைபேசி இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவருடைய பிரதியை வாங்கிப் பார்த்தேன். கைபேசி என்ற பொருள் யார் கையிலும் இல்லாத காலத்தில் எழுதிய நாவல். உரிமை கைமாறி மறுபடி வந்தபோது, புதிய பதிப்பகம் பழைய ஆண்டை அடியோடு துடைத்துவிட்டு, 'முதல் பதிப்பு' என்று தான் அச்சிட்ட ஆண்டைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன தவறு? அவர் கையிலிருந்த புத்தகத்தின்படி என் துப்பறிவாளர் முட்டாள்தான்.

இதற்கு நேர் எதிராக, நூறு நூறாக அடித்துவிட்டு ஒவ்வொரு நூறையும் ஒரு பதிப்பாக எண்ணி, 'இருபத்தைந்தாம் பதிப்பு' என்று அட்டையில் பொன்னெழுத்தில் போடுவதும் நடக்கிறது. அங்கே மட்டும் எண்ணுவதற்கு ஆள் கிடைக்கிறார். அட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது, உரித்தால் அட்டையின் தோலோடு வருகிற விலைச் சீட்டை எந்தப் பசையில் ஒட்டுகிறீர்கள்? அந்தப் பசையைப் புத்தகத்தின் முதுகுக்கும் தடவியிருந்தால் என் நாவல்கள் இரண்டாம் வாசிப்பில் தாள் தாளாகக் கழன்று வந்திருக்காது.

மன்னிக்கவும், தடம் மாறிவிட்டேன். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன்.

புத்தகம் சேர்ப்பவர்களைப் பற்றி உங்கள் அலுவலகங்களில் என்ன பேச்சு நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேலையற்றவர்கள், பழந்தாள் பைத்தியங்கள். ஆனால் எங்கள் வகைப் புத்தகங்களைப் பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். மேலே சொன்ன 1887ஆம் ஆண்டு மலருக்கும் அதுதான் நேர்ந்தது. இன்று உலகில் சில டஜன் பிரதிகள்தான் எஞ்சியிருக்கின்றன, அவையும் யாரோ சில பைத்தியங்கள் தூக்கிப் போடாமல் வைத்ததால். என் முதல் நாவலின் பிரதி என்னிடம் இல்லை, அதை வெளியிட்டவரிடமும் இல்லை. அந்தப் பெரியவரிடம் இருக்கிறது, பொட்டலம் போட்டு, ஈரம் படாமல். அவர் கேட்பது தள்ளுபடி அல்ல, பரிசுப் பிரதி அல்ல. எந்தப் பதிப்பு, எத்தனையாவது அச்சு, எந்த மாதம், எந்த ஆண்டு. அவ்வளவுதான்.

பழையவற்றுக்கும் ஏதாவது செய்ய முடியுமானால் செய்யுங்கள். அச்சக ரசீதுகள், பழைய கணக்கேடுகள் உங்கள் பரணில் எங்கேயாவது கிடக்கும். என் ராயல்டியைக் கேட்பதற்காக அவற்றைத் தேடச் சொல்லவில்லை என்று எழுதித் தரவும் தயார். எந்த ஆண்டில் எத்தனை முறை அச்சிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால், பெரியவரின் நோட்டில் நாற்பத்தொரு வரிகளையும் அவரோடு உட்கார்ந்து நானே சரிபார்த்துக் கொடுப்பேன்.

அந்த மூன்றாவது நாவல் இப்போது வேறொரு பதிப்பகத்தின் வழியே மீண்டும் வருகிறது. திருத்தம் பார்ப்பதற்கான மெய்ப்பு சென்ற வாரம் வந்து சேர்ந்தது. 117ஆம் பக்கத்தில் மாதவன் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார். முன்பக்கத்தில் மறுபடியும் 'முதல் பதிப்பு', இந்த ஆண்டின் தேதியோடு. அதைச் சிவப்பு மையால் அடித்து, முதலில் வெளிவந்த ஆண்டையும், அதற்குக் கீழே 'இரண்டாம் அச்சு: ஆண்டு தெரியவில்லை' என்பதையும் எழுதி நேற்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். அச்சுக்குப் போகும்போது அந்த இரண்டு வரிகளை மட்டும் நீக்கிவிடாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு துப்பறியும் கதைக்காரன்