மலையூர்ச் சமையலறைக்கு எந்தக் கருவி தேவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முட்டை அவிக்க ஒன்று, சப்பாத்தி சுட ஒன்று, தயிர் உறையவைக்க ஒன்று என ஒரே வேலைக்காக விற்கப்படும் மின்கருவிகள் வீட்டுக்குத் தேவைதானா என்பது குறித்துத் தங்கள் வாசகர் பகுதியில் வரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். அவை பெரும்பாலும் சமவெளியிலிருந்து எழுதப்பட்டவை. உதகையில் 30 ஆண்டுகளாகச் சமைத்துவரும் நான், மலைப்பகுதியின் நிலையையும் எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் ஊரில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அதன்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பைக் குழைய வேகவைக்க முயன்றவர்களுக்கு இது தெரியும். என் மகள் ஆசையாக வாங்கித் தந்த முட்டை அவிக்கும் கருவியில், உடன் வந்த சிறு குவளையில் முழு வேக்காட்டுக்கெனக் கோடிட்டிருந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் வற்றிக் கருவி தானாக நின்றது. ஓட்டை உரித்துப் பிளந்தால் மஞ்சள் கரு நடுவில் கொழகொழவென்றிருந்தது. சிறு பாத்திரத்தில் போட்டு, அடுப்பில் சில நிமிடங்கள் கூடுதலாக விட்டால் தீர்ந்துவிடும் வேலைக்கு ஒரு தனிக்கருவி எதற்கு?

ஆனால் மாவு அரைக்கும் கிரைண்டரையும் இதே வரிசையில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் பெரும்பாலும் ஒரே வேலைதான் செய்கிறது. ஆயினும் கல்லில் அரைபடும் உளுந்து சூடேறாமல் பொங்கி, பஞ்சுபோலத் திரள்கிறதே, அந்தப் பதம் மிக்சியின் பிளேடில் வருவதில்லை. மார்கழி இரவில் உறைபனி விழும் ஊரில் மாவு புளிப்பதே பெரும்பாடு. கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தை அருகில் வைத்துக் காக்கிறோம். உளுந்து சரியாகப் பொங்காமல் போனால் எவ்வளவு காத்தும் பயனில்லை, மறுநாள் இட்லி கல்லாகிவிடும். புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டர் எங்கள் வீட்டில் வாரம் இருமுறை ஓடுகிறது. தயிருக்கோ, வெதுவெதுப்பான பாலில் உறைமோர் விட்டு ஹாட்பாக்ஸில் மூடிவைத்தாலே போதுமானதாக இருக்கிறது.

மற்றொன்று, ஈரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், எப்போதாவது எடுக்கும் கருவி அலமாரியிலேயே பூஞ்சை பிடித்துத் துருவேறுகிறது. என் சப்பாத்திக் கருவி பழுதானபோது, வாங்கிய கடையில் கோவைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மலையிறங்கி ஏற ஒரு முழுநாள் போனது, தோசைக்கல்லுக்கே திரும்பிவிட்டேன்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இக்கருவிகளை விற்பவர்கள், மலைப்பகுதிக்கு ஏற்ற நீரளவையும் நேரத்தையும் கையேட்டில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உதகமண்டலம்.